காஞ்சியில் கற்றவர்: பேராயர் லெஸ்லி நியூபிகின்

(காஞ்சிபுரத்தில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



காஞ்சிபுரத்தைப் பற்றிப் பேச வருகிறவர்களுக்குப் பல்லவர் இருக்கிறார்கள், கோயில்கள் இருக்கின்றன, பட்டு இருக்கிறது. இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது 1939 முதல் 1946 வரை இந்த ஊரில் வாழ்ந்த ஒரு ஸ்காட்லாந்து மிஷன் பாதிரியாரை. பெயர் லெஸ்லி நியூபிகின். பிறகு மதுரையிலும் சென்னையிலும் பேராயராக இருந்தார். உலகத் திருச்சபைகள் மன்றத்தின் இணைப் பொதுச் செயலராக ஜெனீவாவில் பணியாற்றினார். இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இறையியல் படிக்கும் மாணவர்கள் பலர் அவருடைய நூல்களைப் படிக்கிறார்கள். அவர் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் காஞ்சிபுரத்து ஆண்டுகளை ஒரு முன்னுரை போலக் கடந்து பேராயர் பதவிக்குப் போய்விடுகிறார்கள். அது சரியில்லை என்பது என் கருத்து. மேற்குலகம் அவரிடமிருந்து கற்றுக்கொண்டதாகச் சொல்லும் பாடத்தின் வேர் இந்த ஊரில் இருக்கிறது. அதை இந்த ஊரிலேயே நின்று சொல்ல வேண்டும் என்று விரும்பினேன்.

முதலில் பிறப்பு வளர்ப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1909 டிசம்பர் 8 அன்று இங்கிலாந்தின் வடக்கே நியூகாசில் நகரில் பிறந்தார். தந்தை கப்பல் வணிகர். குவேக்கர் சபையார் நடத்திய லெய்ட்டன் பார்க் பள்ளியில் படித்து, 1928இல் கேம்பிரிட்ஜில் குயின்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். கல்லூரி விடுமுறையில் தெற்கு வேல்ஸின் நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்குச் சேவை செய்யப் போனார். வேலையிழந்த சுரங்கத் தொழிலாளர்களின் நிலையைக் கண்டு, தன்னால் இவர்களுக்கு எதுவும் செய்ய முடியவில்லையே என்று மனம் உடைந்த ஓர் இரவில்தான் சிலுவை தமக்குப் பொருள் தந்தது என்று பின்னாளில் எழுதினார். 1936இல் ஸ்காட்லாந்து சபையின் எடின்பரோ மூப்பர் மன்றம் அவருக்குக் குருப்பட்டம் அளித்தது. அதே ஆண்டில் ஹெலன் ஹெண்டர்சனை மணந்துகொண்டு சென்னைக்குக் கப்பலேறினார்.

வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. 1937இல் ஒரு பேருந்து விபத்தில் கால் எலும்பு மோசமாக முறிந்தது. சிகிச்சைக்காக எடின்பரோவுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. அங்கே பல அறுவை சிகிச்சைகள். கால் பிழைத்தது. 1939இல் மீண்டும் வந்தபோது அவருக்குக் கிடைத்த இடம் காஞ்சிபுரம்.

ஏன் காஞ்சிபுரம்? இதற்குப் பதில் சொல்ல அன்றைய மிஷன் வரைபடத்தைக் கொஞ்சம் விரித்துப் பார்க்க வேண்டும். ஐரோப்பிய, அமெரிக்க மிஷன்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளாமல் இருக்கத் தமிழ்நாட்டைத் தங்களுக்குள் பங்கு போட்டிருந்தன. திருநெல்வேலி ஆங்கிலிக்கன்களுக்கு. மதுரையும் ராமநாதபுரமும் அமெரிக்கன் போர்டு என்ற காங்கிரிகேஷனல் சபையாருக்கு. கன்னியாகுமரிப் பக்கம் லண்டன் மிஷனுக்கு. வேலூர், ராணிப்பேட்டை அமெரிக்காவின் ரிஃபார்ம்டு சபைக்கு. தரங்கம்பாடி லுத்தரன்களுக்கு. செங்கல்பட்டு மாவட்டத்தின் பெரும்பகுதி பிரெஸ்பிட்டேரியன்களான ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு. ஸ்காட்லாந்திலிருந்து 1837இல் சென்னைக்கு வந்த ஜான் ஆண்டர்சன் தொடங்கிய பள்ளிதான் வளர்ந்து சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஆயிற்று. காஞ்சிபுரத்தில் இன்றும் அவர் பெயரில் பள்ளி இருப்பது உங்களுக்குத் தெரிந்ததே.

இந்தப் பங்கீட்டின் விளைவு என்ன என்று எண்ணிப் பாருங்கள். ஒரு தமிழ்க் குடும்பம் கிறித்தவம் தழுவினால், அவர்கள் ஆங்கிலிக்கனா பிரெஸ்பிட்டேரியனா என்பதைத் தீர்மானித்தது அவர்கள் மனமோ படிப்போ இல்லை, பிறந்த மாவட்டம். பிரெஸ்பிட்டேரியனுக்கும் காங்கிரிகேஷனலுக்கும் என்ன வேறுபாடு என்பது பதினேழாம் நூற்றாண்டின் இங்கிலாந்து அரசியல். அந்தச் சண்டையைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து உத்திரமேரூர்ப் பக்கத்துச் சேரியிலும் சாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலும் இறக்கினார்கள். ஒரு ஊரிலிருந்து வேறு ஊருக்குப் பிழைக்கப் போனவன் அங்கே அந்நியனானான். இந்த அபத்தத்தைப் பின்னால் நியூபிகின் எப்படி எதிர்கொண்டார் என்பதற்கு வருகிறேன்.

இன்னொரு பின்னணியையும் சொல்ல வேண்டும். செங்கல்பட்டு மாவட்டத்தின் கிறித்தவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள், நிலமற்ற பண்ணையாட்கள். 1891இல் ஆட்சியர் டிரமென்ஹீர் இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலையைப் பற்றி எழுதிய அறிக்கைதான் தாழ்த்தப்பட்டோருக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்துக்கு வழிவகுத்தது. அதே காலத்தில் அவர்களுக்கு நிலம் வேண்டும் என்று விடாமல் குரல் கொடுத்தவர் செங்கல்பட்டிலிருந்த ஸ்காட்லாந்து மிஷனரி ஆடம் ஆண்ட்ரூ. நியூபிகின் காஞ்சிக்கு வந்தபோது இந்த மிஷனுக்கு ஒரு கால் கிராமத்துச் சேரியில், ஒரு கால் நகரத்துப் பள்ளிக்கூடத்தில். அவரும் அப்படித்தான் வாழ்ந்தார். ஒரு நாள் கிராம உபதேசியார்களுக்கு வகுப்பு, மறுநாள் தெருவில் பிரசங்கம், இன்னொரு நாள் பள்ளி நிர்வாகம்.

இப்போது நான் மிகவும் விரும்பிச் சொல்ல வந்த பகுதிக்கு வருகிறேன்.

காஞ்சிபுரத்து ராமகிருஷ்ண மடத்துத் துறவிகளோடு நியூபிகின் வாரம் ஒரு மாலை அமர்ந்து படித்தார். மடத்தின் கூடத்தில் எல்லோரும் தரையில் சம்மணமிட்டு உட்காருவார்கள். ஒரு வாரம் சுவேதாசுவதர உபநிடதம். மறு வாரம் யோவான் நற்செய்தி. மாற்றி மாற்றி. யாரும் யாரையும் மதம் மாற்றிவிடும் அவசரத்தில் இல்லை. வரிக்கு வரி படித்தார்கள், கேட்டார்கள், மறுத்தார்கள்.

எந்த உபநிடதம் என்பதைக் கவனியுங்கள். அத்வைதத்துக்கு நெருக்கமான மாண்டூக்கியத்தை எடுத்திருந்தால் பேச்சு வேறு திசையில் போயிருக்கும். சுவேதாசுவதரம் ருத்திரனை ஒரே இறைவனாகச் சொல்லும் நூல். இறையருளையும் பக்தியையும் பேசும் நூல். சைவர்கள் போற்றும் நூல். ஏகம்பநாதர் ஊரில் உட்கார்ந்து படிக்க அதைவிடப் பொருத்தமான உபநிடதம் கிடையாது. யோவானோடு உண்மையாகவே மோதவும் உரசவும் வல்ல நூல் அது. வசதியான ஒரு நூலை எடுத்துக்கொண்டு, பார்த்தீர்களா, எல்லாம் ஒன்றுதானே என்று முடிக்கிற எண்ணம் அந்தக் கூடத்தில் இருந்தவர்களுக்கு இல்லை என்பதற்கு இந்தத் தேர்வே சான்று.

அந்த மடத்தில் உலகத்தின் பெரிய சமயத் தலைவர்களின் படங்கள் வரிசையாக மாட்டப்பட்டிருந்தன. அவற்றுள் இயேசுவின் படமும் ஒன்று. கிறிஸ்துமஸ் நாளில் அந்தப் படத்துக்குப் பூசை நடந்தது. ஒரு கிறித்தவப் பாதிரியார் இதைப் பார்த்து மகிழ்ந்திருக்க வேண்டும் என்று நாம் நினைப்போம். நியூபிகின் யோசனையில் ஆழ்ந்தார். அந்தத் துறவிகளின் மரியாதையில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இயேசுவை அவர்கள் ஏற்கெனவே கட்டி முடித்திருந்த ஒரு வீட்டில் ஒரு சுவரில் மாட்டியிருக்கிறார்கள் என்பது அவருக்குப் புரிந்தது. வீடு மாறவில்லை. படம் ஒன்று கூடியிருக்கிறது. அவ்வளவுதான்.

இதை மடத்தின் குறையாக எடுத்துக்கொண்டு அவர் நின்றிருந்தால் ஆயிரம் மிஷனரிகளில் ஒருவராக மறக்கப்பட்டிருப்பார். நின்றுவிடவில்லை. பல ஆண்டுகள் கழித்து, அதே கண்ணால் தம்முடைய இங்கிலாந்தைப் பார்த்தார். ஐரோப்பியக் கிறித்தவர்களும் இதையேதான் செய்திருக்கிறோம் என்று கண்டார். அறிவியல், தனிமனித உரிமை, சந்தை, முன்னேற்றம் என்று நவீன ஐரோப்பா தன் வீட்டைக் கட்டி முடித்துவிட்டது. அதில் ஒரு சுவரில், ஞாயிற்றுக்கிழமைக்காக, இயேசு மாட்டப்பட்டிருக்கிறார். வீட்டை எவரும் கேள்வி கேட்பதில்லை. காஞ்சிபுரத்துத் துறவிகளிடம் தமக்குத் தெளிவாகத் தெரிந்த ஒன்று தம் சொந்த நாட்டிடம் தமக்குத் தெரியாமலே போயிற்றே என்று 1989இல் வெளிவந்த 'பன்மைச் சமுதாயத்தில் நற்செய்தி' என்ற பொருள்படும் நூலில் அவர் எழுதினார். அந்த நூல்தான் மேற்குலகில் அவர் பெயரை நிலைநிறுத்தியது. அதன் முக்கியமான பார்வை இந்த ஊரின் ஒரு கூடத்துத் தரையில் கிடைத்தது.

இங்கே ஒரு எதிர்வாதம் எழும். எழ வேண்டும். ராமகிருஷ்ண மரபில் நின்று ஒருவர் கேட்கலாம்: எங்கள் கூடத்தில் உங்கள் குருவுக்கு இடம் கொடுத்தது பெருந்தன்மை இல்லையா? உங்கள் தேவாலயத்தில் எங்கள் குருவுக்கு இடம் உண்டா? நியாயமான கேள்வி. நியூபிகின் இதற்கு முழு விடை சொல்லிவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒன்றைச் சொல்வேன். பெருந்தன்மையின் ஒரு வடிவம் எல்லாவற்றையும் அணைத்துக்கொள்வது. இன்னொரு வடிவம், எதிரில் இருப்பவன் உண்மையிலேயே வேறு ஒன்றைச் சொல்கிறான் என்று ஒப்புக்கொண்டு அதைக் கடைசி வரை கேட்பது. இரண்டாவது வடிவம் கடினமானது. காஞ்சிக்குப் பழக்கமானதும் அதுதான்.

காஞ்சியை எல்லாச் சமயமும் கைகோத்து வாழ்ந்த ஊர் என்று மேடைகளில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் இது வாதம் செய்த ஊர். மணிமேகலை பல சமயத்தாரின் திறங்களை வஞ்சியில் கேட்டுவிட்டு, தன் முடிவுக்கு வருவது அறவண அடிகளிடம் இந்தக் காஞ்சியில்தான். தர்க்கத்தில் உலகப் புகழ்பெற்ற பௌத்தர் திங்நாகர் இந்தப் பகுதியினர். நாளந்தாவில் ஆசானாக விளங்கிய தருமபாலர் காஞ்சிக்காரர். திருப்பருத்திக்குன்றத்தில் இன்றும் நிற்கிறது சமணரின் ஜினகாஞ்சி. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் சமணத்திலிருந்து சைவத்துக்கு வந்ததும் வெறும் அரண்மனைச் செய்தி இல்லை. அப்பர் பெருமானின் வாழ்க்கையோடு பின்னிய பெரிய விவாதம் அது. இந்த ஊரின் தூப்புலில் 1268இல் பிறந்த வேதாந்த தேசிகர் பரமதபங்கம் என்று ஒரு நூலே எழுதினார். பிற மதங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அவர்கள் சொல்வதை அவர்கள் நிலையிலிருந்தே அறிந்து, பிறகு மறுத்தார். மறுப்பதற்கு முன் அறிய வேண்டும் என்பது இந்த ஊரின் ஒழுக்கம்.

அந்த வகையில் பார்த்தால், உபநிடதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாரந்தோறும் தரையில் உட்கார்ந்து, தன் நம்பிக்கையை ஒரு இம்மியும் விட்டுக்கொடுக்காமல் எதிராளியின் நம்பிக்கையைக் கற்றுக்கொண்ட அந்த இளைஞர், தான் அறிந்தோ அறியாமலோ காஞ்சியின் மிகப் பழைய பள்ளியில் சேர்ந்திருந்தார். எங்கிருந்தோ வந்தவர் என்று அவரை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. தருமபாலர் நாளந்தாவுக்குப் போனார். இவர் நியூகாசிலிலிருந்து வந்தார்.

அதே ஆண்டுகளில் இதே ஊரில் இன்னொரு வாதமும் கொதித்துக்கொண்டிருந்தது. 1942இல் அறிஞர் அண்ணா இங்கிருந்து 'திராவிட நாடு' இதழைத் தொடங்கினார். அண்ணா பிறந்தது 1909 செப்டம்பர், நியூபிகின் 1909 டிசம்பர். மூன்று மாத இடைவெளியில் பிறந்த இருவர், ஒரே ஊரில், ஒரே ஆண்டுகளில், இந்தச் சமூகத்தின் அடிப்படையையே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிள்ளையார்பாளையத்தில் தறி ஓடிக்கொண்டிருந்தது. உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. 1942 ஏப்ரலில் ஜப்பானியக் குண்டுக்கு அஞ்சிச் சென்னையே காலியானது. பின்னாளில் அண்ணா முதலமைச்சரானபோது நியூபிகின் சென்னையின் பேராயர். அந்தக் கால காஞ்சிபுரத்தைப் பற்றி ஒரு நல்ல வரலாறு எழுத வேண்டும் என்றால் இந்த இரண்டு மனிதர்களையும் ஒரே பக்கத்தில் வைத்து எழுத வேண்டும்.

இனி சபை ஒன்றிப்புக்கு வருகிறேன்.

தொடக்கம் 1919 மே மாதம், தரங்கம்பாடி. சபைகளை ஒன்றிணைப்பது பற்றிப் பேச முப்பத்துமூன்று பேர் கூடினார்கள். இருவரைத் தவிர எல்லோரும் இந்தியர்கள். கூட்டத்தின் உயிர்நாடி வேதநாயகம் சாமுவேல் அசரியா. இவரைப் பற்றியே தனிச் சொற்பொழிவு வேண்டும். 1874இல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1910இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில், இந்தியக் கிறித்தவர்களுக்கு வெள்ளைக்காரர்களின் தியாகத்தைவிட நட்பு வேண்டும் என்று முகத்துக்கு நேரே சொன்னவர். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். தோர்ணக்கல்லில், தெலுங்கு பேசும் ஏழை மக்களிடையே பணி. இந்தியக் கிராமத்துக்குச் சபைப் பிரிவினை ஒரு பாவம் என்று அவர் உறுதியாக நம்பினார். தரங்கம்பாடியில் ஒலித்தது அந்த நம்பிக்கை.

பேச்சுவார்த்தை இருபத்தெட்டு ஆண்டுகள் நடந்தது. பெரிய முட்டுக்கட்டை பேராயர் பதவி. அப்போஸ்தலர் காலத்திலிருந்து கைவைத்துக் கைவைத்து வந்த பேராயர் தொடர்ச்சி இல்லாமல் சபையில்லை என்பது ஆங்கிலிக்கன் நிலை. ஸ்காட்லாந்துக்காரர்களுக்கும் காங்கிரிகேஷனல்களுக்கும் பேராயர் என்றாலே கசப்பு. அந்தப் பதவியைத் தூக்கி எறியத்தான் அவர்களுடைய முன்னோர்கள் சிறைக்குப் போயிருந்தார்கள். பிரெஸ்பிட்டேரியன்களும் காங்கிரிகேஷனல்களும் 1908இலேயே தென்னிந்திய ஐக்கிய சபையாக இணைந்திருந்தார்கள். நியூபிகின் அந்தச் சபைக்காரர். பேராயர் என்ற ஏற்பாட்டில் தொடக்கத்தில் அவருக்கும் உடன்பாடில்லை. மைக்கேல் ராம்சே என்ற இளம் ஆங்கிலிக்கன் அறிஞர் 1936இல் எழுதிய ஒரு நூலைப் படித்தபோது மனம் மாறினார். பிற்காலத்தில் கேன்டர்பரி தலைமைப் பேராயரான அதே ராம்சே. பேராயரை அதிகாரமாகப் பார்க்காமல், சபை முழுவதும் ஒரே குடும்பம் என்பதன் அடையாளமாகப் பார்க்கலாம் என்று அந்த நூல் காட்டிற்று. 1940களில் தென்னிந்திய ஐக்கிய சபையின் ஒன்றிப்புக் குழுவை நடத்தும் பொறுப்பு நியூபிகின் தோள்மேல் விழுந்தது. காஞ்சியில் இருந்துகொண்டே மறுப்பாளர்களுக்கு விளக்கம் எழுதினார், கூட்டங்களுக்கு அலைந்தார்.

கடைசியில் எட்டிய உடன்பாடு அழகானது. ஏற்கெனவே குருக்களாக இருக்கும் எவருக்கும் மறுபடி பட்டம் கட்டுவதில்லை. எல்லோரும் எல்லோரையும் அப்படியே ஏற்பது. இனிமேல் பட்டம் பெறுவோர் பேராயர் கையால் பெறுவது. எந்த ஊர்ச் சபை மீதும் அதன் மனச்சாட்சிக்கு ஒவ்வாத குருவைத் திணிப்பதில்லை. இப்படி முப்பது ஆண்டுகள் சேர்ந்து வளர்ந்த பிறகு மீதியைப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். சட்டத்தின் ஓட்டையை எல்லாம் அடைத்த பிறகுதான் கல்யாணம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

இங்கிலாந்தில் கொந்தளிப்பு. கவிஞர் டி. எஸ். எலியட் இந்த ஒன்றிப்பை எதிர்த்துத் துண்டுநூல் ஒன்றே எழுதினார். நோபல் பரிசு பெறவிருந்த கவிஞர், தென்னிந்தியக் கிராமச் சபைகள் எப்படி நடக்க வேண்டும் என்று லண்டனிலிருந்து கவலைப்பட்டார். அவருடைய கவலை உண்மையானதுதான். ஆனால் செங்கல்பட்டுச் சேரியில் ஞாயிறுதோறும் கூடுகிறவர்களின் பார்வை அதில் எங்கும் இல்லை. இந்தியாவின் ஆங்கிலிக்கன் பேரவை 1945 ஜனவரியில் ஒன்றிப்புக்கு ஒப்புதல் அளித்தது. அதே மாதம் முதல் தேதியில் அசரியா கண்மூடியிருந்தார்.

நாடு விடுதலை பெற்று ஆறு வாரம் கழித்து, 1947 செப்டம்பர் 27 அன்று, சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. சுமார் பத்து லட்சம் பேர். சீர்திருத்தக் காலத்துக்குப் பின் பேராயர் உள்ள சபையும் பேராயர் இல்லாத சபைகளும் ஒன்றானது உலகத்திலேயே அதுதான் முதல் முறை. அன்று புதிதாக ஒன்பது பேர் பேராயர்களாகத் திருநிலைப்படுத்தப்பட்டார்கள். மதுரை ராமநாதபுரத்துக்கு முப்பத்தேழு வயது லெஸ்லி நியூபிகின். ஸ்காட்லாந்து பிரெஸ்பிட்டேரியன், ஆங்கிலிக்கன் பேராயர்களின் கைகளால், அமெரிக்கக் காங்கிரிகேஷனல் சபையார் வளர்த்த மறைமாவட்டத்துக்குப் பேராயராகிறார்.

அவர் ஆங்கிலிக்கன் பேராயரா என்று கேட்டால், இங்கிலாந்து சபையே பல ஆண்டுகள் தடுமாறியது. 1955இல்தான் கேன்டர்பரி, யார்க் பேரவைகள் தென்னிந்தியத் திருச்சபையில் பட்டம் பெற்றவர்களை வரையறைகளோடு ஏற்றன. இன்று தென்னிந்தியத் திருச்சபை ஆங்கிலிக்கன் ஐக்கியத்தின் முழு உறுப்பு. இங்கே 1950இல் வகுத்த திருவிருந்து ஆராதனை முறை, குறிப்பாக ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குச் சமாதானம் வழங்கும் மலபார் வழக்கத்தை எடுத்துக்கொண்ட முறை, உலகின் பல சபைகளுக்கு முன்மாதிரியானது. பெற்றவர்களுக்குப் பிள்ளை கற்றுக்கொடுத்த கதை அது.

மதுரையில் பன்னிரண்டு ஆண்டுகள். 1951இல் அவர் வெளியிட்ட தென்னிந்திய நாட்குறிப்பைப் படித்தால், ஒரு பேராயரின் காலம் எங்கே போகிறது என்று தெரியும்: வழக்குத் தீர்ப்பது, திடப்படுத்தல் கொடுப்பது, கிராமத்தில் இரவு தங்குவது, மறுபடி வழக்குத் தீர்ப்பது. அவர் சொல்லும் ஒரு நிகழ்ச்சி எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு கிராமத்தில் பேராயரை வரவேற்க மேளதாளத்தோடு, மாலையோடு, வாணவேடிக்கையோடு ஊரின் ஒரு முனையில் கூட்டம் காத்திருந்தது. அவர் மறுமுனை வழியாக வந்து சேர்ந்துவிட்டார். மொத்த ஊர்வலமும் அப்படியே திரும்பி எதிர்த் திசையில் நடக்க வேண்டியதாயிற்று. மனந்திரும்புதல் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் அவர் இதைத்தான் சொல்வார்: கடவுள் வருவார் என்று நாம் பார்த்துக்கொண்டிருக்கும் பக்கமிருந்து அவர் வருவதில்லை, உடம்போடு திரும்ப வேண்டும்.

இன்னொன்று. 1956இல் ஆங்கிலத்தில் வெளிவந்த, பாவத்தையும் மீட்பையும் பற்றிய அவருடைய நூல், முதலில் தமிழில் எழுதப்பட்டது. கிராம உபதேசியார்களுக்காக அவர் தமிழில் எழுதியது பின்னர் ஆங்கிலத்துக்குப் போனது. மேலைநாட்டு இறையியல் கல்லூரிகளின் நூலகத்தில் இருக்கும் அந்தப் புத்தகத்தின் மூலம் தமிழ் என்பதை நம் தமிழ்த்துறைகள் கவனித்ததாகத் தெரியவில்லை. அயல்நாட்டார் தமிழ்ப்பணி என்று கால்டுவெல்லையும் ஜி. யு. போப்பையும் கற்பிக்கும்போது, இருபதாம் நூற்றாண்டில் இப்படி ஒருவர் தமிழில் சிந்தித்து எழுதினார் என்று ஒரு வரியாவது சேர்க்க வேண்டும்.

1959இல் சர்வதேச மிஷனரி கவுன்சிலின் பொதுச் செயலராக அழைக்கப்பட்டார். 1961இல் புதுடெல்லியில் கூடிய மாநாட்டில் அந்தக் கவுன்சில் உலகத் திருச்சபைகள் மன்றத்தோடு இணைந்தது. அங்கே ஒற்றுமையைப் பற்றி வெளியான அறிக்கையில் அவருடைய கை இருந்தது. ஒற்றுமை என்பது தலைமையகங்களின் கூட்டணியில்லை, ஒவ்வொரு இடத்திலும் இருக்கும் எல்லோரும் ஒன்றாக இருப்பது என்று அது சொன்னது. உத்திரமேரூரில் ஒரு சபை, சாத்தூரில் வேறு சபை என்று பிரிந்து கிடந்ததை நேரில் பார்த்தவரால்தான் அந்த வாக்கியத்தை எழுத முடியும். அதன்பின் ஜெனீவாவில் அந்த மன்றத்தின் இணைப் பொதுச் செயலராகப் பணியாற்றினார். 1965இல் சென்னைப் பேராயராகத் திரும்பி வந்துவிட்டார்.

பேராயர் டேவிட் செல்லப்பாவுக்குப் பின் அந்தப் பொறுப்பு. மதுரையில் கிராமம், சென்னையில் குடிசைப் பகுதிகள், தொழிற்சாலைகள், கூவம் கரை. தேவாலயத்துக்குள் வருகிறவர்களுக்கு மட்டும் பேராயர் என்றிருக்காமல், அந்த நகரத்துக்காகவே சபை இருக்கிறது என்று தம் சபையாரை அவர் விடாது வற்புறுத்தினார். 1974இல் ஓய்வு பெற்றபோது சுந்தர் கிளார்க் அவருக்குப் பின் வந்தார்.

ஊர் திரும்பிய விதத்தைச் சொல்லியாக வேண்டும். அறுபத்துநான்கு வயது. விமானம் வேண்டாம் என்றார். இரண்டு பெட்டி, ஒரு முதுகுப்பை. கணவனும் மனைவியும் சென்னையிலிருந்து இங்கிலாந்து வரை, கிடைத்த பேருந்துகளிலும் வண்டிகளிலும் தரைவழியாகவே போனார்கள். வழியெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து வழிபட எங்காவது கிறித்தவர்கள் கிடைத்தார்கள். துருக்கியின் கப்படோக்கியாவில் மட்டும் எவரும் இல்லை. நான்காம் நூற்றாண்டில் கிறித்தவ இறையியலின் தாய்மடியாக இருந்த அதே கப்படோக்கியா. அங்கே அவர்கள் இருவரும் தனியாக வழிபட்டார்கள். ஒரு நம்பிக்கை தன் பிறந்த மண்ணிலேயே மறைந்துபோக முடியும் என்பதை இங்கிலாந்துக்குள் நுழையும் முன்பே அவர் கண்ணால் பார்த்துவிட்டார்.

இங்கிலாந்தில் எது மிகக் கடினமாக இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு, எதிர்காலத்தின் மேல் நம்பிக்கை காணாமல் போயிருப்பது என்று பதில் சொன்னார். சென்னையின் மிக மோசமான சேரியில்கூட நாளை இன்றைவிடக் கொஞ்சம் நன்றாக இருக்கும் என்று மக்கள் நம்பினார்கள். வசதியான இங்கிலாந்தில் அந்த நம்பிக்கை இல்லை என்றார். பர்மிங்காமின் செல்லி ஓக் கல்லூரிகளில் சில ஆண்டுகள் கற்பித்தார். எழுபது வயதில், அதே நகரின் வின்சன் கிரீனில், சிறைச்சாலைக்கு எதிரே மூடும் நிலையிலிருந்த ஒரு சின்னச் சபையைத் தாமே ஏற்று நடத்தினார். பேராயராக இருந்தவர் தெருத்தெருவாக வீடு தட்டினார். ஆசியக் குடும்பங்கள் உள்ளே அழைத்து உட்கார வைத்தன. ஆங்கிலேயர் வீடுகளில் பல கதவுகள் முகத்துக்கு நேரே சாத்தின. எதிர்ப்பைவிட அலட்சியத்தைத் தாங்குவது கடினம் என்று அவர் எழுதியது அப்போதுதான். 1983 முதல் அடுத்தடுத்து வந்த அவருடைய நூல்கள், மேற்குலகமே இப்போது மிஷன் தேவைப்படும் களம் என்று சொல்லி அங்குள்ள சபைகளை உலுக்கின. யோவான் நற்செய்திக்கு அவர் எழுதிய விளக்கநூல் 1982இல் வந்தது. இந்த ஊர் மடத்துத் துறவிகளோடு அந்த நற்செய்தியை மாறி மாறிப் படித்து நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

கடைசிக் காலத்தில் பார்வை போயிற்று. மாணவர்கள் வந்து படித்துக் காட்டினார்கள். 1998 ஜனவரி 30 அன்று லண்டனில் மறைந்தார்.

இந்த அறக்கட்டளைக்கும் இங்குள்ள கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள் வைக்க விரும்புகிறேன். ஸ்காட்லாந்து மிஷனின் ஆவணங்கள் எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் இருக்கின்றன. பெங்களூரில் ஐக்கிய இறையியல் கல்லூரியின் ஆவணக்காப்பகம் தென்னிந்தியச் சபைகளின் தாள்களைக் காத்து வைத்திருக்கிறது. காஞ்சிபுரம், உத்திரமேரூர், செங்கல்பட்டு வட்டாரத்தின் கல்வி, நிலம், சாதி, நோய், பஞ்சம் பற்றிய ஒரு நூற்றாண்டுச் செய்திகள் அந்தத் தாள்களில் உண்டு. அவற்றைச் சமய வரலாறு என்று மட்டும் எண்ணி ஒதுக்கிவிடாமல், இந்த மாவட்டத்தின் வரலாறாகப் படிக்க ஓர் ஆய்வு மாணவருக்கு உதவித்தொகை கொடுங்கள். நியூபிகின் 1985இல் எழுதிய தன்வரலாற்றின் காஞ்சிபுரம் பகுதியையாவது தமிழில் கொண்டுவாருங்கள். வேதாந்த தேசிகரைப் பற்றியும் திங்நாகரைப் பற்றியும் அண்ணாவைப் பற்றியும் கற்றறிந்தவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறீர்கள். அந்த மொழிபெயர்ப்பு வந்ததும் அதை வரிக்கு வரி எடுத்து, அவர் மடத்தைப் பற்றிச் சொன்னது சரியா தவறா என்று, உபநிடதத்தையும் யோவானையும் இரு பக்கமும் வைத்துக்கொண்டு நீங்கள் விவாதிக்க வேண்டும். அந்த விவாதத்தில் கலந்துகொள்ள என்னையும் அழைத்தால் நிச்சயம் வருவேன்.